தங்கத்தின் மேல் ஒரு தாள்

போன ஞாயிறு சாயங்காலம் மாமல்லபுரம் கடற்கரையில் நான்கு பேர் உட்கார்ந்திருந்தோம். ஒருவர்கூடக் கடலைப் பார்க்கவில்லை.

கூடுவாஞ்சேரியில் என் பக்கத்து வீட்டுக்காரர் ஏழுமலை, அவர் மனைவி, மகள் பவித்ரா, நான். ஏழுமலைக்கு மறைமலைநகரில் கார் பாகங்கள் செய்யும் கம்பெனியில் வேலை. பவித்ரா இயற்பியலில் பிஎச்.டி. செய்கிறாள். கடைசி வருஷம்.

"பொண்ணு ரெண்டு நாளா சோறு துன்னல அண்ணாத்த. ஒரே பேஜாராகீது. நீங்களும் வாங்க, நீங்க கேட்டா பேசும்" என்று என்னையும் இழுத்து வந்துவிட்டார்.

கேட்டேன். சொன்னாள். எனக்குப் புரிந்த அளவுக்கு உங்களுக்குச் சொல்கிறேன் - விஞ்ஞானிகள் மன்னிக்கவும்!

அவள் ஆராய்வது ஒரு தாளை; காகிதம் இல்லை, இதற்கு மேல் மெலிசாக்கவே முடியாது என்கிற அளவுக்கு மெலிசான ஒரு பொருள். கண்ணுக்கே சரியாகத் தெரியாது. தங்கத் தகட்டின் மேல் வளர்த்தால்தான் பெரிசாக, கிழியாமல் வருகிறதாம். அந்தத் தாளுக்குள் எலெக்ட்ரான்கள் தாண்ட வேண்டிய ஓர் இடைவெளி உண்டு. இடைவெளி சின்னதானால் மின்சாரம் சுலபமாக ஓடும்.

பவித்ராவின் தாளில் அது மற்றவர்கள் சொன்னதைவிட ரொம்பச் சின்னது. தான் வளர்த்த பக்குவம்தான் காரணம் என்று நம்பினாள். அவளுடைய கைடும் நம்பினார். தங்கத்தின் பங்கு கொஞ்சம் இருக்கும், அதைப் பெரிசாக எடுக்க வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டார்கள். மொத்த ஆராய்ச்சியும் அதன் மேல்தான் நிற்கிறது.

போன வாரம் ஒரு சந்தேகம். தாளைத் தங்கத்திலிருந்து பிரித்து, கண்ணாடி மேல் போட்டு அளந்திருக்கிறாள். இடைவெளி எல்லாரும் சொன்ன அளவுக்கே திரும்பிவிட்டது.

"அப்போ நீ கண்டுபிடிச்சது?"

"ஒண்ணுமே இல்ல அங்கிள். எல்லாம் கீழ இருந்த தங்கம் பண்ண வேலை."

ஸ்காலர்ஷிப் இந்த மாதத்தோடு முடிகிறது. இனி வேறொன்றை ஆரம்பிக்க வழியில்லை.

ஏழுமலையால் நம்ப முடியவில்லை. "இன்னாம்மா சொல்ற? தங்கத்து மேல வச்சா கெட்டா பூடும்?"

"கெட்டுப்போவல நைனா. வேற ஒண்ணா மாறிடுது. தங்கத்தோட எலெக்ட்ரான் இதுக்குள்ள பூந்து கலந்துடுது."

"சரிம்மா, எது மேலயும் வைக்காம அளந்தா அதோட சொந்த குணம் தெரிஞ்சிடுமே?" என்றேன், பெரிய புத்திசாலி மாதிரி.

"ஒரு ஓட்டைக்கு மேல தொங்கவிட்டுப் பாத்தேன் அங்கிள். கிழிஞ்சிடுச்சு. எது மேலயாவது வச்சாத்தான் நிக்குது. வச்சா, அதுக்கேத்த மாதிரி மாறிடுது."

இவர்கள் எங்கள் தெருவுக்கு வீடு தேடி வந்த நாள் ஞாபகம் வந்தது. ஒரு ஹவுஸ் ஓனராவது இந்தப் பெண் என்ன படிக்கிறாள் என்று கேட்டாரா? "எந்த ஊரு... ஊர்ல எந்தப் பக்கம்?" - அதுதான் முதல் கேள்வி. பதிலைக் கேட்டதும் வீடு ஏற்கெனவே பேசி முடிந்திருக்கும்! காலனியில் பிறந்தவள் இயற்பியலுக்குப் போனதே, பொருளைப் பொருளாக மட்டும் பார்க்கிற இடமாக அது ஒன்றாவது இருக்கும் என்று நம்பித்தான். அவளே ஒருமுறை என்னிடம் சொல்லியிருக்கிறாள். கடைசியில் அங்கேயும் கீழே என்ன இருக்கிறது என்பதுதான் பேச்சா? சே!

இருட்ட ஆரம்பித்துவிட்டது. ஏழுமலை எழுந்து லுங்கியில் ஒட்டிய மணலைத் தட்டினார். மகள் தலையில் கை வைத்தார்.

"அப்ப எது மேல வச்சா அது அதுவாவே இருக்கும், சொல்லும்மா. எவ்ளோ ஆனாலும் நைனா வாங்கியாறேன்."

அதுவரை அழாதவள் அப்போதுதான் அழுதாள்.

கடையில் கிடைக்கிற சாமானா அது, ஏழுமலை?