பீர்க்கங்காய்க்குக் கட்டிய பேண்டேஜ் துணி

ஒரு முழம் பேண்டேஜ் துணி. பேண்டேஜ் துணி நெய்கிற எங்கள் ராஜபாளையம் பக்கத்தில் அதற்கு மதிப்பே கிடையாது. தறியில் கழித்த துண்டு எல்லார் வீட்டிலும் கிடக்கும். பை வாயைக் கட்டுவதற்கும், பந்தலில் கொடியை இழுத்துக் கட்டுவதற்கும் அதுதான். ஆனாலும் அப்படி ஒரு துண்டைக் கையில் எடுத்தால் எனக்கு வீட்டுக்காரக்காவின் ஞாபகம் வந்துவிடும்.

கல்யாணமாகி ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வந்த நான், அந்த அக்கா வீட்டின் பின்கட்டில்தான் வாடகைக்குக் குடியிருந்தேன். தேர் ஓடும் வீதியை ஒட்டிய சந்தில் பிறந்தவள் நான். காய்கறி மார்க்கெட்டில்தான் விளைகிறது என்று நினைத்த கூட்டம். அக்காவுக்கோ கொல்லைதான் உலகம். ஆடியில் விதை ஊன்றினால் அவரை, புடலை, பீர்க்கு என்று பந்தலில் மாறி மாறித் தொங்கும். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள். செடியைத் தெலுங்கில் கொஞ்சுவார், என்னைத் தமிழில் சீண்டுவார். "உங்க ஊர்க்காரிகளுக்குப் பால்கோவாவை விட்டா வேற என்னட்டி தெரியும்?"

ஒரு கார்த்திகையில், தேவதானத்தில் கல்யாணம் என்று நாலு நாள் போனார். "ஏட்டி, பீர்க்கு ஓயப் போகுது. கிடக்கிற காயை முத்த விடாமப் பறிச்சு ஆக்கிக்கிடு" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினார். நானும் ஒன்று விடாமல் பறித்தேன். அவர் திரும்பி வரும் நாளில் ஒரே ஒரு காய்தான் மிச்சம். எல்லாவற்றிலும் நீளமான, பளபளப்பான காய். அதன் காம்பில் பேண்டேஜ் துணி சுற்றி முடிச்சுப் போட்டிருந்தது. ஐயோ பாவம், ஈ குத்தியதோ, காற்றில் அடிபட்டதோ, அக்கா கட்டுப் போட்டிருக்கிறார் போல என்று நினைத்தேன். அழுகுவதற்குள் ஆக்கிவிடுவோம் என்று பாசிப்பருப்புப் போட்டுக் கூட்டு வைத்தேன். தோலில் துவையலும் அரைத்தேன். துணியைக்கூட வீணாக்கவில்லை, அலசித் துணி காயும் கயிற்றில் போட்டேன்.

அக்கா வந்ததும் சாப்பிட உட்கார்ந்தார். "எம்புட்டு ருசி! உனக்கும் கைப்பக்குவம் வந்துட்டுதேட்டி" என்று இரண்டாவது கரண்டி கேட்டார். நான் ஊற்றும்போதுதான் வெளியே கயிற்றில் ஆடிய துணி அவர் கண்ணில் பட்டது. கை தட்டிலேயே நின்றுவிட்டது.

அது விதைக்கு விட்ட காய். இருப்பதில் நல்லதாகப் பார்த்துத் துணி கட்டிவிட்டால் பிறகு யாரும் அதைத் தொடமாட்டார்கள். கொடியிலேயே முற்றிக் காயும். இது அங்கே எல்லாருக்கும் தெரியும், என்னைத் தவிர. அக்காவின் அம்மா சாவதற்கு முன் கொடுத்த விதை வழியாக வந்த கொடி அது. கையிருப்பை எல்லாம் அந்த ஆடியிலேயே ஊன்றி முடித்திருந்தார். கொடியில் இனிப் பூவும் இல்லை.

அக்காவுக்குக் கோபம் வந்தால் தெலுங்குதான் வரும். அன்றைக்குத் தெலுங்கும் வரவில்லை, தமிழும் வரவில்லை. தட்டில் இருந்ததை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டு எழுந்தார். அதுதான் என்னை அழவைத்தது. ஒரு வார்த்தை ஏசியிருந்தால் எனக்கு மனசு ஆறியிருக்கும்.

மறுநாள் பாத்திரம் தேய்க்கும்போது சட்டென்று ஒன்று நினைவுக்கு வந்தது. போன வருஷம் விதையைத் தட்டி எடுத்த பிறகு, காய்ந்த பீர்க்கு ஒன்றை, உடம்பு தேய்க்கும் நாருக்கு ஆகும் என்று அக்கா எனக்குத் தந்திருந்தார். அதை நான் என் அம்மாவுக்குக் கொடுத்துவிட்டேன். ஈரக் கையோடு ஓடிச் சொன்னேன். அடுத்த பஸ்ஸில் இரண்டு பேரும் ஸ்ரீவில்லிபுத்தூர் போனோம். உள்ளே நுழைந்ததும் அக்கா என் அம்மாவிடம் கேட்ட முதல் கேள்வி: "மதினி, நீங்க அந்த நாரைத் தேய்ச்சுக் குளிச்சிட்டியளா?"

"வந்ததும் வராததுமா நான் குளிச்சதையா விசாரிப்பிய?" என்று அம்மா முழித்தாள். விஷயம் தெரிந்ததும் பரணில் கை விட்டாள். "இம்புட்டு நல்ல நாரைத் தேய்ச்சு வீணாக்க மனசு வரல, பொத்தி வச்சிட்டேன்."

அக்கா அதை முற்றத்தில் தட்டினார். ஒன்றும் விழவில்லை. விரலை விட்டு நோண்டினார். கறுப்பாக நாலு விதை.

அடுத்த ஆடியில் இரண்டு முளைத்தன. அந்த வருஷம் பந்தலில் இரண்டு காய்களுக்குத் துணி கட்டியிருந்தார்.

"எதுக்குக்கா ரெண்டு?"

"ஒண்ணு விதைக்கு. இன்னொண்ணு தெரியாமப் பறிக்கிறவளுக்கு."

அக்கா இப்போது கோயம்புத்தூரில் மகள் வீட்டில் இருக்கிறார். அதே விதைதான் அங்கே மாடித் தொட்டியிலும், இங்கே என் சொந்தக் கொல்லையிலும். சென்னையிலிருந்து என் வீட்டுக்கு மருமகள் வந்து இரண்டு மாதம் ஆகிறது. இன்று மத்தியானம் பீர்க்கங்காய்க் கூட்டு வைத்திருந்தாள்.

"உப்பு சரியா இருக்கா அத்தை? ஒரு காய்க்குக் கட்டுப் போட்டிருந்தீங்களே, கெட்டுடப் போகுதேன்னு முதல்ல அதைப் பறிச்சேன்."

வெளியே எட்டிப் பார்த்தேன். துணி காயும் கயிற்றில் அலசிப் போட்ட பேண்டேஜ் துண்டு ஆடிக்கொண்டிருந்தது. பந்தலில் இன்னொரு காயில் கட்டிய துண்டு அப்படியே இருந்தது.

"எம்புட்டு ருசியா இருக்கு! இன்னொரு கரண்டி ஊத்தும்மா" என்று தட்டை நீட்டினேன்.