காரணம் எழுதும் கட்டம்

ஜவ்வாது மலைப் பள்ளி ஒன்றில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளைச் சுவரைப் பார்த்து நிற்கவைத்து, பின்னால் நின்று ஒவ்வொருவர் பெயரையும் மெல்லிய குரலில் கூப்பிட்டார் மேடம். கூப்பிட்ட பிள்ளை திரும்ப வேண்டும். பலர் திரும்பவில்லை. திரும்பாதவர்களின் பெயரை நான் குறித்துக்கொண்டேன்.

மேடம் எங்கள் கல்வி அலுவலகத்துக்கு ஆய்வாளராக வந்தவர். நான் அங்கே தட்டச்சர். அடிவாரத்துப் பிள்ளைகள் கடகடவென வாசிக்கும் பாடத்தை மலைப் பிள்ளைகளால் எழுத்துக் கூட்டவும் முடியாது என்பது எல்லோருக்கும் தெரியும். 'அதுங்களுக்குப் படிப்பு ஏறாது, பொறப்பு அப்படி' என்பார்கள் சிலர். நல்லவர்களோ, 'அந்தப் பேச்சே வேணாம், அவங்க மனசு நோவும்' என்று ஒதுங்கிக்கொள்வார்கள். இரண்டு பேச்சுமே அந்தப் பிள்ளைகளை இருந்த இடத்திலேயே விட்டுவிட்டன. "வித்தியாசம் இருக்குதுல்ல? அப்போ ஏன்னு கேட்டுத்தான் ஆவணும்," என்றார் மேடம். அடிவாரத்தில், ஆலங்காயத்துப் பக்கத்துப் பள்ளியிலும் அதே சோதனையைச் செய்தார். அங்கே ஏறக்குறைய எல்லோரும் திரும்பினார்கள்.

அவர் எதையும் மறைக்கவில்லை. அந்த மலையூரில் பெற்றோரைக் கூட்டி, சோதனையில் கண்டதைச் சொன்னார். ஒரு தகப்பன் கொதித்து எழுந்தார்.

"எங்க புள்ளைங்கள செவுடுன்னு எழுதிக்கினு போவவா வந்தீங்க?"

"குறை உங்க பொறப்புலயா, எங்க வேலையிலயான்னு பாக்க வந்தேங்க. காதுல சீழ் வந்தா இன்னா பண்ணுவீங்க?"

தகப்பனின் குரல் தாழ்ந்தது. "மழைக்கு மழை வரும். ஆஸ்பத்திரிக்குப் போனா அன்னிக்கே வூடு திரும்ப பஸ்ஸு இல்லீங்க. தானா காஞ்சிடும்னு வுட்டுடுவோம்." பிறகு பக்கத்தில் நின்ற மகளைப் பார்த்தார். "கூப்ட்டா வரலன்னு உன்னப் போட்டு அடிச்சேனே," என்றார். அவர் சொன்னதும் அவளுக்குக் கேட்டிருக்காது.

மேடம் இரண்டு காரணங்கள் எழுதினார்: மருந்து காணாத காதுகள், மதியத்துக்குள் மலையிறங்கிவிடும் ஆசிரியர்கள். அறிக்கையைத் தட்டச்சு செய்யும் முன்பே அவருக்கு வேறு மாவட்டத்துக்கு மாற்றல் வந்தது. மேலதிகாரி என்னைக் கூப்பிட்டார். "இத அப்படியே அனுப்புனா நமக்குத்தான் வம்பு. காரணம்னு இருக்கிற கட்டத்துல, பெற்றோர் அக்கறையின்மைன்னு போடுய்யா."

போட்டேன். அப்போது என் வேலை நிரந்தரமாகவில்லை. அதைச் சொல்லி என்னை நானே ஏமாற்றிக்கொள்ளப் பார்த்தேன், முடியவில்லை. மலைக்கு டாக்டர் யாரும் போகவில்லை. மறு ஆண்டு அறிக்கையிலும் அதே வரியை வைத்தார்கள். அதையும் நானேதான் தட்டினேன். வேலை நிரந்தரமான பிறகும் தட்டினேன்.

போன மாதம் போளூர் ரயில் நிலையத்தில் மேடத்தைப் பார்த்தேன். ஓய்வு பெற்றுவிட்டார், தலை முழுக்க நரை. நலம் விசாரிக்கும் முன்பே கேட்டார்: "அந்தப் புள்ளைங்களுக்கு டாக்டர் போனாங்களா? காது சரியாச்சா?"

"ஆச்சுங்க மேடம்," என்றேன்.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "நீங்க கூட இருந்து எழுதுனதாலதான் ஆச்சு," என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். ரயில் வரும்வரை விடவில்லை.