சாம்பல் நீரில் வெளுத்த துணிகள்

கைக்குழந்தையாக இருந்தபோது என் மகளின் தொடை புண்ணானது சாம்பல் தண்ணீராலா, மழை ஈரத்தாலா? இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

கணவரின் பழைய வேட்டிகளைக் கிழித்து அவளுக்கு இடுப்புத் துணிகள் வைத்திருந்தேன். துணி காயப்போடும் எங்கள் கொடி, கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்குப் போகும் பாதையோரம் இருந்தது. கறை படிந்த துணிகளை அதில் தொங்கவிட வெட்கமாக இருந்தது. அதனால் அடுப்புச் சாம்பலைக் கரைத்துத் தெளியவைத்த நீரில், சிறிது நேரம் ஊறினால் போதுமென்று தெரிந்தும், நாள் முழுவதும் ஊறப்போட்டேன். துணிகள் பால்போல வெளுத்தன. ஆனால் அந்த வாரம் மழை விடவே இல்லை. அடுப்புக்கு மேலே கயிறு கட்டிக் காயவைத்தும், சில வேளை அரை ஈரத்தோடுதான் கட்டிவிட்டேன்.

வத்தேகமவிலிருந்து வந்த கணவரின் அக்கா, துணியை அவிழ்த்துப் பார்த்தார்.

"என்னா தங்கச்சி, துணிய வெளுக்க வச்சு புள்ளைய செவக்க வச்சிட்டியே! ரோட்டுல போறவனா இதக் கட்டிக்கப் போறான்?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அன்றே சாம்பலை நிறுத்தி, பூந்திக்கொட்டை நுரையில் கசக்கி அலசினேன். மறுநாள் வெயிலும் வந்தது. புண் ஆறியது. மழைதான் காரணம் என்று நினைத்தால் மனம் லேசாகிறது. அதனாலேயே அப்படி நினைக்கப் பயமாக இருக்கிறது.

இப்போது இரண்டாவது குழந்தை பிறந்திருக்கிறது. மழையும் தொடங்கிவிட்டது. பூந்திக்கொட்டையில் மஞ்சள் கறை போவதில்லை. கை மறுபடியும் சாம்பலைத் தேடுகிறது. பிள்ளையின் தோல் கெடாமல் சாம்பல் நீரில் துவைத்த தாய்மார் இருந்தால், எத்தனை தண்ணீரில் அலசினீர்கள், மழையில் எப்படிக் காயவைத்தீர்கள் என்று தயவுசெய்து எழுதுங்கள்.