கோள் சொன்ன ரத்தம்

என் வீட்டுக்காரருக்கு இதயம் தாளம் தப்பி அடிக்கிறது என்று செஞ்சியில் டாக்டரம்மா சொன்னபோது அவர் சிரித்தார்.

"வலியே இல்லம்மா. நெல்லு மூட்ட தூக்குறேன். எனக்கு இன்னாத்துக்கு மாத்திர?"

டாக்டரம்மா வாதாடவில்லை. ரத்தம் எடுத்து விழுப்புரத்துக்கு அனுப்பினார். இதயம் சிரமப்பட்டால் ரத்தத்தில் ஏதோ ஒரு புரதம் கூடுமாம். இவருக்குக் கூடியிருந்தது.

"தாளம் தப்புனா உள்ள ரத்தம் தேங்கிக் கட்டியாவும். அது மூளைக்குப் போனா பக்கவாதம். உங்க வயசு, பிரஷர், இந்த ரிப்போர்ட் எல்லாம் சேத்துப் பாத்தா உங்களுக்கு வாய்ப்பு அதிகம்."

இவர் சிரிப்பு நின்றது.

ரத்தம் உறையாமலிருக்க தினமும் ஒரு மாத்திரை, சாயங்காலச் சாப்பாட்டுக்குப் பிறகு. அட்டையை அவர் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டார். மருந்து வேலை செய்கிறதா என்று மாதாமாதம் ரத்தச் சோதனை. முதல் மாதம் சரியாக இருந்தது. அறுவடை முடிந்து நெல் விற்க கமிட்டிக்கு, அதான் அரசு விற்பனைக் கூடத்துக்கு, அலைந்த இரண்டு மாதமும் மருந்தின் வேகம் ரத்தத்தில் போதவில்லை.

கீரை அதிகமானால் இந்த மருந்து எடுபடாது என்று டாக்டரம்மா முன்பே எச்சரித்திருந்தார். முருங்கைக்கீரையை அடியோடு நிறுத்தியவள் நான். அப்படியென்றால் குற்றவாளி யார்?

"கமிட்டியாண்ட கீர வடை துண்றீங்களா?"

"சத்தியமா இல்ல."

நான் நம்பவில்லை. நம்பியிருந்தால் இரண்டு மாதம் வீட்டில் நிம்மதி இருந்திருக்கும்.

அடுத்த முறை டாக்டரம்மா நேராகவே கேட்டார்: "கமிட்டிலேர்ந்து லேட்டா வந்தா மாத்திர எப்பப் போடுவீங்க?"

இவர் என்னைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார்.

"அன்னிக்குப் போடறதில்லம்மா. நாங்க சமணருங்க. பொழுது சாஞ்சா தண்ணிகூட குடிக்கமாட்டோம். முப்பது வருஷமா இவ வெளக்கு வெச்சப்புறம் அடுப்படிக்குள்ள போனதில்ல. மாத்திரக்குத் தண்ணி கேட்டா இவதான் உள்ள போவணும். எனக்காவ அது கெட வேணாம்னுதான்..."

வடை மேல் போட்ட பழியை நினைத்து வெட்கமாக இருந்தது. ஆனால் சிரிப்புதான் முந்திக்கொண்டு வந்தது. டாக்டரம்மாவும் சிரித்துவிட்டார். ரத்தம் கோள் சொல்லியிராவிட்டால் இந்த மனிதர் என் நோன்பைக் காப்பாற்றியே பக்கவாதத்தில் படுத்திருப்பார்!

"இனிமே காலையில போடுங்க. மறந்துட்டா, ஞாபகம் வந்த ஒடனே அன்னிக்கே போட்ரணும்" என்றார் டாக்டரம்மா.

பத்து நாள் ஒழுங்காகப் போனது. பதினோராம் நாள் விடியுமுன்னே மூட்டைகளை ஏற்றிக்கொண்டு இவர் கிளம்ப, இருவருமே மறந்தோம். திரும்பும்போது நன்றாக இருட்டிவிட்டது. சட்டைப் பையில் அன்றைய மாத்திரை அப்படியே இருந்த அட்டையைப் பார்த்ததும் அடுப்படிக்குப் போனேன். குடத்தைத் திறந்து, டம்ளரில் தண்ணீர் மொண்டுவந்து நீட்டினேன்.

வாங்கத் தயங்கினார். "ஒன் நோம்பு?"

"நீங்க நல்லா இருக்கணும்னுதான நோம்பே. முழுங்குங்க."

ஒரே மடக்கில் முழுங்கினார்.