அம்மா சொன்ன தேதி

வெள்ளிக்கிழமையானால் எங்கள் வீட்டில் கம்ப்யூட்டருக்கும் சந்தனம் குங்குமம் உண்டு. கவரைப்பேட்டையில் எங்கள் தெருவில் அப்போது கம்ப்யூட்டர் இருந்த வீடு எங்களுடையது ஒன்றுதான். பக்கத்து இரும்புக் கம்பெனியில் கம்பி இழுத்துக்கொண்டிருந்த அப்பா, அதே வேலைக்கு ஷார்ஜா போனதும் பணம் அனுப்பி வாங்க வைத்தது. அங்கே வெள்ளிக்கிழமை லீவு. அப்பா ஒரு நெட் சென்டரில் உட்கார்ந்து பேசுவார். நாங்கள் இங்கே ஹெட்போனை மாட்டிக்கொண்டு பேசுவோம். போனில் அவ்வளவு நேரம் பேச யாருக்குக் கட்டுப்படியாகும்?

கேமரா கிடையாது. குரல் மட்டும்தான். ஆனாலும் அம்மா முகம் கழுவி, பூ வைத்துக்கொண்டுதான் முன்னால் உட்காருவாள். நானும் அவளுக்குச் சளைத்தவன் இல்லை. "இன்னாடா, சாப்டியா?" என்று அப்பா கேட்டால் பலமாகத் தலையாட்டுவேன். "டேய், கீறியா, லைன் கட்டாயிட்ச்சா?" என்று அங்கே அவர் கத்துவார்.

எனக்குப் பேச வராது என்றில்லை. கூச்சம். ஐந்தாவது முடித்ததும் பெரிய பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள். வாத்தியார் எழுப்பிப் பெயர் கேட்டபோது நாக்கு எழவில்லை. வகுப்பே சிரித்தது. அதன்பிறகு நான் போகவில்லை. அம்மா அடித்துப் பார்த்தாள், கெஞ்சிப் பார்த்தாள், விட்டுவிட்டாள். கூட விளையாடினவர்களெல்லாம் காலையில் பஸ் ஏறிவிடுவார்கள். அம்மா பிளாஸ்டிக் கம்பெனிக்கு ஷிப்ட் போய்விடுவாள். பகல் முழுக்க அந்த வீட்டில் நானும் கம்ப்யூட்டரும்தான். அதில் சீட்டாடிக்கொண்டிருப்பேன். என்னைக் கூப்பிட்டு நாலு கேள்வி கேட்கிற ஆள் அப்பா ஒருவர்தான், அதுவும் வாரம் ஒருமுறை.

பிறகு அம்மா பூ வைப்பதை விட்டுவிட்டாள். அப்பாவின் குரல் வந்ததும் என்னைக் கடைக்கு அனுப்பத் தொடங்கினாள். நான் ஓடிப்போய் ஓடிவந்தாலும் பேச்சு முடிந்திருக்கும். "லீவுலயும் டூட்டி போட்டுட்டாங்களாம்" என்பாள், முகத்தைக் காட்டாமல்.

அந்தச் சமயம் பார்த்துக் கம்ப்யூட்டருக்குச் சீக்கு வந்தது. தானாக அணைந்தது, தானாக எழுந்தது. யாரோ ஒரு வெள்ளைக்காரி விளம்பரம் மாதிரி திரையில் மூட மூட முளைத்துச் சிரித்தாள். நான் எதையும் தொடவில்லை என்று சொன்னதை யாரும் நம்பவில்லை.

அம்மாவின் தம்பி கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனி ஆபீசில் கம்ப்யூட்டர் பார்க்கிறவர். ஞாயிற்றுக்கிழமை மாமா வந்தார். எல்லாவற்றையும் அழித்துவிடுவாரோ என்று பயந்தேன்.

"அதெல்லாம் வாணாம். பழைய நாளுக்குத் தள்ளி உட்டா போதும். அன்னிக்கு எப்டி இருந்துச்சோ அப்டி ஆய்டும்" என்று திரையில் ஒரு காலண்டரைத் திறந்தார். அதில் சில தேதிகள் மட்டும் தடித்த கறுப்பில் இருந்தன. அந்த நாட்கள்தான் கம்ப்யூட்டருக்கு ஞாபகம் இருக்குமாம்.

"போன வாரத்துக்குத் தள்றேன்க்கா. வைரஸ் போய்டும். இவன் அப்பாகிட்ட பேசறது அப்டியே இருக்கும்."

அம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே வந்து குனிந்து பார்த்தாள்.

"அதுக்கு மின்னாடி இல்லியா?"

"கீது. ஆனா இதுவே போதும்க்கா."

"மின்னாடி போ."

மாமா ஒவ்வொரு கறுப்புத் தேதியாகப் பின்னால் போனார். ஒன்றின்மேல் அம்மா விரலை வைத்தாள். மாமா சிரித்துவிட்டார்.

"யக்கா, அது நான் அந்தப் பேசற சாஃப்ட்வேரைப் போடறதுக்கு மின்ன நாளு. அத்த வச்சா பேசறது போய்டும். சீடியும் இப்ப எங்கிட்ட இல்ல."

"போனா போவட்டும்."

மாமா நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தார். சிரிப்பு அடங்கிவிட்டது. அப்புறம் அந்தத் தேதியையே அழுத்தினார்.

அம்மாவுக்குத் தெரியவில்லை, தப்பாகத் தொட்டுவிட்டாள், நிறுத்துங்கள் மாமா என்று எனக்குள் கத்திக்கொண்டிருந்தேன். வாய் திறக்கவில்லை. பச்சைக் கோடு மெல்ல நகர்ந்தது. இரும்புக் கம்பெனியில் உலை போட்டால் எங்கள் தெருவில் கரண்ட் போய்ப் போய் வரும். அன்றைக்கும் போகாதா என்று வேண்டினேன். போகவில்லை. அணைந்து எழுந்த கம்ப்யூட்டர் புதுசு மாதிரி ஓடியது. அப்பாவைக் கூப்பிடுகிற படம் மட்டும் திரையில் இல்லை.

அங்கே வேறொருத்தியோடு குடித்தனம் வைத்துவிட்டதையும், இனி ஊருக்கு வரப்போவதில்லை என்பதையும் அப்பா அந்த ஹெட்போன் வழியாகத்தான் அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். இது எனக்குத் தெரிந்தது என் கல்யாணப் பேச்சு எழுந்தபோது, மாமா சொல்லி.

மாமா வந்துபோன அடுத்த வெள்ளிக்கிழமை நானே ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். சன்னமாக ஓர் இரைச்சல் கேட்டது, அவ்வளவுதான். அம்மா அடுப்படியில் இருந்தாள். அதன் வாசற்படியில் போய் நின்று, ஞாயிற்றுக்கிழமையிலிருந்து சேர்த்து வைத்திருந்ததைச் சொல்லிவிட்டேன்.

"ம்மா, நீ தப்புத் தேதி சொல்ட்ட. அதான் அப்பா வரல."

அம்மா திரும்பவில்லை. குழம்பைக் கிண்டிக்கொண்டே இருந்தாள். பிறகு, "ஆமாண்டா. எனக்கு இன்னா தெரியும் கம்ப்யூட்டரப் பத்தி" என்றாள்.

எனக்குப் பாவமாகப் போய்விட்டது. கிட்டே போய், விடும்மா, அடுத்த தடவை மாமா வந்தால் சரியான தேதியை நான் காட்டுகிறேன் என்று அவளைத் தேற்றினேன்.