தோழியாக நின்ற சரசு அக்கா

எஹலியகொட பஸ்ஸில் இருந்தபோது தங்கச்சி போன் எடுத்தாள். "சரசு அக்கா போயிட்டாங்க. ரப்பர் பால் வெட்டப் போன எடத்துல, மரத்தடியிலேயே சாஞ்சிட்டாங்க."

தோட்டத்துச் சனங்களே, சாவு வீட்டில் நீங்கள் எல்லோரும் "தங்கமான மனுசி" என்றீர்கள். அந்தத் தங்கத்தை இத்தனை வருடமும் ஒரு மணவறைப் பக்கம் விட்டீர்களா?

ஒரு காலத்தில் நம் தோட்டத்தில் மணப்பெண்ணுக்குத் தோழி என்றால் அவர்தான். சேலை கட்டிவிடுவார், மாலை பிடிப்பார், வியர்வை துடைப்பார். அதற்கெல்லாம் முன்னால் மற்றவர்களை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்துவார். "உனக்குச் சம்மதந்தானா? இல்லன்னா இப்பவே சொல்லு. வெளிய போயி நான் சொல்றேன். ஏச்சு எனக்கு வரட்டும்."

பெண்கள் சிரித்துக்கொண்டே தலையாட்டுவார்கள். புஷ்பா மட்டும் அழுதாள். அக்கா வெளியே போய்ச் சொன்னார். "பந்தி போட்டாச்சு, இப்பப் போயி சம்மதமாம்!" என்று புஷ்பாவின் மாமா அவர் கன்னத்தில் அறைந்தார். அந்தப் பெரிய மனிதருக்குப் பெண்ணைவிடச் சோற்றுப் பானை பெரிது. அன்றிலிருந்து அக்கா கல்யாணத்தைக் கெடுத்தவர் ஆனார்.

என் கல்யாணத்தில் ரோஸ் சேலையில் ஐந்து தோழிகள். நிறமும் உயரமும் பார்த்துப் பொறுக்கியவர்கள். இரண்டு பேரின் பெயர்கூட எனக்குத் தெரியாது. எனக்குத் தலை சுற்றியபோது ஒருத்தியும் திரும்பவில்லை. கேமராக்காரர் "நங்கி, பொட்டக் எஹாட்ட" என்று சிங்களத்தில் கொஞ்சம் அந்தப் பக்கம் போகச் சொன்னபோது மட்டும் ஐந்து பேரும் அழகாகத் தள்ளி நின்றார்கள். மேடையில் இருந்த பூச்சாடிகளும் அவ்வளவு வேலை செய்தன.

அக்கா கூட்டத்துக்குப் பின்னால் வெற்றிலைத் தட்டோடு நின்றார். அவரை வேண்டாம் என்றது வீட்டார் என்றே இதுவரை சொல்லிவந்தேன். பொய். வேண்டாம் என்றது நான். அவர் கேட்பார், என்ன பதில் வரும் என்று எனக்குத் தெரியும். உங்களை ஏசும் நான் உங்களைவிடக் கேவலமான கோழை.

அடுத்த மாதம் கேகாலையில் என் மகளுக்குக் கல்யாணம். சாவு வீட்டிலிருந்து வந்ததும் கதவைச் சாத்திவிட்டு அவளிடம் கேட்டேன்.

"சரசு பெரியம்மா போன மாசமே வந்து கேட்டாங்கம்மா. சம்மதம்னு சொல்லிட்டேன்" என்றாள். பிறகு தயங்கினாள். "ஒங்கம்மாகிட்டத்தான் கேக்காம விட்டுட்டேன்னு அழுதாங்க."

தோழியாகக் கூப்பிடாத என் கல்யாணத்துக்காக அக்கா அழுத அந்த அழுகைதான் இப்போது என்னிடம் மிஞ்சி இருக்கிறது.