பிச்சமுத்துவின் பெட்டிகளில் பழுதில்லை

பிச்சமுத்து திருத்திக் கொடுத்த ஸ்பீக்கர் பெட்டிகளில் எந்தக் குறையும் இருக்கவில்லை. குறை இருப்பதாக நம் தோட்டத்துக் கோயில் மண்டபத்தில், மைக்கில், எல்லோரும் கேட்கச் சொன்னார்கள். அது பொய். அந்தப் பொய்யைத் துடைக்காமலே சென்ற மாதம் அவரைப் புதைத்தோம்.

மாவனல்லையில் மருந்து வாங்கிக்கொண்டு திரும்பும்போது, பஸ்ஸில் எனக்குச் செய்தி வந்தது. பக்கத்துக் கிராமத்துச் சிங்களவர் ஒருவர் என் தோளைத் தொட்டு, "பாஸ் உன்னெஹே நெதி வுனாலு" என்றார். பாஸ் என்பது வேலை தெரிந்தவரை அவர்கள் மரியாதையாக அழைக்கும் சொல். பாஸ் ஐயா போய்விட்டாராம் என்று சொல்லிவிட்டு, தன் கையிலிருந்த பையை மடியில் வைத்துக்கொண்டு அந்த மனிதர் கண்ணைத் துடைத்தார். நம் லய வீடுகளில் அவரை யாரும் பாஸ் என்று அழைத்ததில்லை. கடைசி மூன்று வருடமும் நம் ஆட்களுக்கு அவர் "பால் ஸ்பீக்கர்". அந்தப் பெயரை வைத்தவர்கள் இதைப் படிக்கிறீர்கள். தெரிந்துதான் எழுதுகிறேன்.

அவர் ரப்பர் மலையில் பால் வெட்டியவர். நான் ஸ்டோரில், அதாவது தோட்டத்துத் தொழிற்சாலையில், இஞ்சின் ஓட்டியவன். இரண்டு பேரும் பள்ளிக்கூடத்தில் அதிகம் படிக்கவில்லை. தெரிந்ததெல்லாம் கழற்றிப் பார்த்துத் தெரிந்ததுதான். நம் பெண்கள் வெளிநாட்டில் வீட்டுவேலை செய்து அனுப்பிய பாட்டுச் செட்டுகள் இங்கே எத்தனை வீட்டில் இருந்தன என்பது உங்களுக்குத் தெரியும். நம் ஊர் ஈரத்தில் ஐந்தாறு வருடத்துக்குள் ஸ்பீக்கரைச் சுற்றியிருக்கும் ஸ்பொஞ்ச் வளையம் பிசுபிசுத்து உதிர்ந்துவிடும். பாட்டுப் போட்டால் கரகரக்கும். கடைக்காரர்கள் புதிது வாங்கு என்பார்கள். பிச்சமுத்து பழைய வேட்டித் துணியில் வளையம் வெட்டி, வெட்டிய பால் உறைவதற்குள் அதில் மெல்லப் பூசி, நிழலில் காயவைத்து, மறுபடி பூசி, ஸ்பொஞ்சுக்குப் பதிலாக ஒட்டுவார். மூன்று பூச்சுக்கு மேல் போனால் வளையம் விறைத்துக் குரல் செத்துப்போகும். பாலைத் தோட்டத்திலிருந்து எடுக்கவும் இல்லை. கிராமத்தில் அரை ஏக்கர் ரப்பர் வைத்திருந்தவர்கள், தங்கள் செட்டைக் கொண்டுவரும்போது ஒரு சிரட்டையில் கொண்டுவந்து கொடுப்பார்கள்.

ஒருநாள் நான் போனபோது அவர் மனைவி லெட்சுமி கொடியில் எதையோ தேடிக்கொண்டிருந்தார். "வாங்கண்ணே, நல்ல நேரத்துல வந்தீங்க. இவருக்குக் கோயிலுக்குக் கட்டிட்டுப் போக வேட்டி இல்ல. ஊரு பொட்டிக்கெல்லாம் வேட்டி கட்டி விட்டுட்டாரு" என்றார். பிச்சமுத்து தலையை நிமிர்த்தாமல், "பொட்டி பாடுது, நீ ஏசுற. எதுக்குக் கட்டுறதுன்னு நீயே சொல்லு" என்றார். அவர் கையில் பழைய எக்ஸ்ரே படத்திலிருந்து வெட்டிய துண்டுகள் இருந்தன. உள்ளே இருக்கும் சுருள் காந்தத்தில் உரசாமல் நடுவில் நிற்க, பசை காயும்வரை அந்தத் துண்டுகளைச் சுற்றிலும் செருகி வைப்பார். இவ்வளவு பாடு எதற்கு என்று கேட்டேன். "இல்லாதவன் சாமானுக்குத்தாண்ணே கூடுதலா கவனம் வேணும். அவனால ரெண்டாவது தடவ வாங்க ஏலாது" என்றார்.

இப்போது அந்தப் பெட்டிகளின் கதைக்கு வருகிறேன். குவைத்திலிருந்து வந்த புஷ்பம் தன் இரண்டு பெட்டிகளையும், கூடவே எம்ப்ளிபயரையும், மார்கழிப் பாட்டுக்கென்று கோயிலுக்குக் கொடுத்தார். பிச்சமுத்து அவற்றைத் திருத்தினார். வயர் செருகும் இடம் உடைந்திருந்ததால் பித்தளை ஆணி வைத்தார். எந்த ஆணியில் சிவப்பு வயர் வர வேண்டும் என்று டோர்ச் பெட்டரியைத் தொட்டுப் பார்த்து, அந்த ஆணியில் ஒரு சிவப்பு நூலைக் கட்டினார். நான் பக்கத்தில் இருந்தேன். வயர் மாறினால் ஒரு ஸ்பீக்கர் வெளியே தள்ளும்போது மற்றது உள்ளே இழுக்கும். அடித்தொனி ஒன்றையொன்று தின்றுவிடும். "இது ரெண்டு பேரு வாள் புடிச்சு மரம் அறுக்குற வேல இல்லண்ணே. ஒண்ணா தள்ளணும், ஒண்ணா இழுக்கணும்" என்றார்.

மண்டபத்துக்குப் போன பெட்டிகளில் அந்த நூல் கோயில் தலைவரின் கண்ணில் பட்டது. நூல் கட்டிய சாமான் கோயிலுக்குள் வரக்கூடாது என்றார். பிச்சமுத்து கிராமத்துச் சிங்கள ஆட்களோடு பழகுகிறவர். யாரோ மந்திரவாதி மந்திரித்த நூலாக இருக்கும் என்று தலைவருக்குச் சந்தேகம். கட்டியவரைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அறுக்கச் சொன்னார். த்ரீவீல் ஓட்டும் நிஷாந்தன், தலைவரின் தம்பி மகன், நூலை அறுத்துவிட்டுக் கைபோனபடி வயரைக் கட்டினான். அன்றைக்கு இது எங்கள் யாருக்கும் தெரியாது.

மார்கழி முதல் நாள் காலை பாட்டுப் போட்டார்கள். மிருதங்கமே கேட்கவில்லை. தகர டின்னுக்குள் யாரோ பாடுவது போல் இருந்தது. தலைவர் மைக்கை எடுத்தார். "ரப்பர் பால ஊத்தி ஒட்டுனா இப்புடித்தான் இருக்கும். சாமி காரியத்துல இனிமே இந்த ஒட்டு வேலயெல்லாம் வேணாம்" என்றார். பிச்சமுத்து எழுந்தார். "பொட்டியில ஒண்ணுமில்லங்க. ஒரு பக்கத்து வயரு மாறியிருக்கு. மாத்திக் குடுத்துப் பாருங்க, ஒரு நிமிஷ வேல" என்றார். காதால் கேட்டே சொன்னார். தலைவர் மைக்கை இறக்கவில்லை. "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்றார். மண்டபமே சிரித்தது. பிச்சமுத்து பெட்டியை நோக்கி இரண்டு எட்டு வைத்தார். "கை வைக்காதீங்க" என்றார் தலைவர். பிச்சமுத்து திரும்பிச் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். நான் சிரிக்கவில்லை. ஆனால் எழுந்து நிற்கவும் இல்லை.

அந்த வாரமே நம் ஆட்கள் அவர் வீட்டில் கொடுத்திருந்த செட்டுகளைத் திருப்பி வாங்கினார்கள். "டவுன்ல குடுத்துக்கிறோம் மாமா" என்று ஒரு பெண் வாசலில் நின்று சொன்னதை நானே கேட்டேன். மண்டபத்துக்குப் புதுப்பெட்டி வந்தது, பழையவை கோயில் களஞ்சிய அறைக்குப் போயின. சாவியை வாங்கி அந்தப் பழைய பெட்டிகளைப் பார்ப்போம் என்று நான் பலமுறை சொன்னேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. "நான் சொன்னது பொய்யின்னா அவுங்க காட்டட்டும். நான் போயி நின்னு கேக்க மாட்டேன்" என்றார். கிராமத்து ஆட்கள் மட்டும் கடைசிவரை வந்தார்கள்.

அவர் இறந்த மறுநாள் கோயில் சந்தியில் தலைவர் கட்டிய பேனர் ஒன்று தொங்கியது. அவர் படம், கீழே "ஆலயத்தின் ஒலிச் செல்வர்". அதைப் பார்த்ததும் எனக்கு வந்த ஆத்திரத்தை இங்கே எழுத முடியாது. நேராகத் தலைவர் வீட்டுக்குப் போய்க் களஞ்சிய அறைச் சாவியைக் கேட்டேன். பேனர் கட்டிய கையால் மறுக்க முடியவில்லை, கொடுத்தார். புஷ்பத்தைச் சாட்சிக்கு அழைத்துக்கொண்டு போனேன். பெட்டிகளையும் எம்ப்ளிபயரையும் கழற்றாமல் வயரோடு சுருட்டிப் போட்டிருந்தார்கள். ஒவ்வொரு பெட்டியிலும் சிவப்பு வயர் இருந்த ஆணியில் பெட்டரியின் மேல்முனையையும், கறுப்பு வயர் இருந்த ஆணியில் அடியையும் தொட்டேன். ஒரு ஸ்பீக்கர் வெளியே துள்ளியது. மற்றது உள்ளே போனது. ஒரு பெட்டியில் வயரை மாற்றிப் பாட்டுப் போட்டேன். மிருதங்கம் தரையில் அதிர்ந்தது. மூன்று மழைக்காலம் பார்த்த அந்தத் துணி வளையத்தில் ஒரு வெடிப்பு இல்லை. புஷ்பம் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதார்.

சத்தம் கேட்டு வந்த நிஷாந்தன்தான் நூல் விஷயத்தைச் சொன்னான். "பெரியப்பாதான் மாமா அறுக்கச் சொன்னாரு. அதுக்கு இப்புடி ஒரு வேல இருக்குன்னு எனக்குத் தெரியாது." அவனை நான் நம்புகிறேன். தலைவரிடம் போய்ச் சொன்னேன். "செத்தவரு திரும்பி வரவா போறாரு? விடுங்கண்ணே" என்றார். விடமாட்டேன்.

பிச்சமுத்துவிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது ஒன்றுதான். எதையாவது யாராவது கெட்டுப்போனது என்று தூக்கி எறிந்தால், அதைக் கடைசியாகத் தொட்ட கை யாருடையது என்று முதலில் கேட்கிறேன். இதனால் எனக்கு நண்பர்கள் குறைந்திருக்கிறார்கள். குறையட்டும்.

இனி நடக்க வேண்டியதைச் சொல்கிறேன். பிச்சமுத்துவின் முப்பத்தோராம் நாள் காரியத்துக்கு முன், நிஷாந்தன் மண்டபத்தில் எல்லோர் முன்னாலும் அந்தப் பெட்டிகளில் வயரை மாற்றியும் திருத்தியும் காட்ட வேண்டும். தலைவர் அதே மைக்கில், நூலை அறுக்கச் சொன்னது தான் என்றும், வேலையில் பிழை இல்லை என்றும் சொல்ல வேண்டும். வருத்தம் என்ற ஒற்றை வார்த்தையோடு நழுவக் கூடாது. கோயில் கமிட்டி புஷ்பத்தின் பெட்டிகளை மறுபடி மண்டபத்தில் ஏற்ற வேண்டும். அவர் மனம் ஒப்பாவிட்டால் சுமந்துகொண்டு போய் அவர் வீட்டில் வைக்க வேண்டும். அன்றைக்குச் சிரித்தவர்கள், பேசாமல் உட்கார்ந்திருந்தவர்கள், ஒவ்வொருவராக, பகலில், லெட்சுமியின் வாசலுக்குப் போய்த் தாங்கள் செய்ததைச் சொல்ல வேண்டும். மாலையும் பிஸ்கட் பெட்டியும் வேண்டாம். நான் போய் வந்துவிட்டேன். லெட்சுமி என்னை உட்காரச் சொல்லவில்லை. நீங்களும் நின்றுகொண்டே சொல்லிவிட்டு வாருங்கள்.